தற்காப்புக்குக் கையால் அடைத்த தோட்டா: சட்டச் சிக்கல் உண்மையில் எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் வசிக்கிறார்; நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்; பல ஆண்டுகளாகத் தம் வீட்டு கராஜில் ரீலோடிங், அதாவது பித்தளை உறையில் மருந்தும் குண்டும் தாமே அடைக்கும் வேலை செய்து, பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் தாம் அடைத்த 9 மி.மீ. தோட்டாக்களையே சுட்டுவருபவர். படுக்கையறைப் பெட்டகத்தில் இருக்கும் கைத்துப்பாக்கியிலும் அவற்றையே தொடர்ந்து போட்டுவைக்கலாமா என்று அவர் விசாரித்தபோது, சுடுதளத்தில் ஒருவர் "அப்படிச் செய்தால் நேராகச் சிறைக்குத்தான் போவீர்கள்" என்றாராம். இன்னொருவர் "அதெல்லாம் கட்டுக்கதை, அப்படித் தண்டிக்கப்பட்டவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்றாராம். இவ்விருவரில் யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி; ஏற்கெனவே அந்தத் துப்பாக்கியில் இருப்பவற்றை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பிரச்சினையைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் கருத்து. நான் வழக்கறிஞன் அல்லன். தோட்டா அடைப்பதில் நீண்ட காலப் பழக்கமும், இந்தப் பொருளில் வந்த தீர்ப்புகளையும் தடயவியல் செய்திகளையும் விடாமல் படித்துவரும் ஆர்வமும் உள்ளவன், அவ்வளவே. ஆகையால் இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், உங்கள் மாநிலத்து வழக்கறிஞரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான தயாரிப்பாகக் கொள்ளுங்கள்.

முதலில், சட்டம் தடுக்கிறதா என்பதைப் பார்த்துவிடுவோம். அது எளிதில் முடிந்துவிடும். சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா அடைப்பதற்கு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் உரிமம் எதுவும் தேவையில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தோட்டாவைத் தொழிலாகத் தயாரித்து விற்பவருக்கு மட்டுமே உரிமம் கேட்கிறது. அந்த உரிமத்துக்கான கட்டணம் மூன்றாண்டுக்கு 30 டாலர்தான் என்றாலும், அதைப் பெறாமல் நண்பர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு அடைத்துக் கொடுப்பது குற்றமாகிவிடும். கவசம் துளைக்கும் கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தயாரிப்பதற்கு 1986 முதல் தனித் தடை உண்டு. நியூ ஜெர்சி போன்ற மாநிலத்தில், முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் குண்டுகளை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கியதானாலும் கையால் அடைத்ததானாலும் அந்தக் கட்டுப்பாடு ஒன்றேதான். தற்காப்புக்காகச் சுட்ட தோட்டா வீட்டில் அடைக்கப்பட்டது என்பதாலேயே அந்தத் தற்காப்பு சட்டவிரோதம் ஆகிவிடாது.

இங்கே நம்மவர்களுக்காக ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தச் சட்டம் "தோட்டா" என்று சொல்லும்போது முழுத் தோட்டாவை மட்டும் குறிப்பதில்லை. பித்தளை உறை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு, வெடிமருந்து ஆகிய ஒவ்வொன்றையும் அதன் வரையறைக்குள் அடக்குகிறது. ஆகவே, "துப்பாக்கிதான் என்னிடம் இல்லையே, அறைத்தோழரின் ரீலோடிங் சாமான்களைத்தானே என் அலமாரியில் வைத்திருக்கிறேன்" என்று ஒரு விசாக்காரர் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கேள்வி கேட்டவர் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர் என்பதால் இந்தத் தடை அவருக்குப் பொருந்தாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கைத் தோட்டாவுக்கு எதிராக இரண்டு வாதங்கள் வழங்கிவருகின்றன. ஒன்று, நீதிமன்றத்தில் உங்களைக் கொடூரமானவராகச் சித்திரிப்பார்கள் என்பது. மற்றது, என்ன நடந்தது என்பதை நிரூபிக்கும் தடயம் உங்கள் கையை விட்டுப் போய்விடும் என்பது. பேச்சில் அதிகம் அடிபடுவது முதலாவது. உண்மையில் அஞ்ச வேண்டியது இரண்டாவது. இவ்விரண்டையும் கைத்துப்பாக்கிக்காரர்களிடையே பரப்பியவர்களில் முதன்மையானவர் மசாத் அயூப். நியூ ஹாம்ப்ஷயரில் காவல் அதிகாரியாக இருந்தவர், 1981 முதல் தற்காப்புச் சட்டத்தைப் பற்றிப் பயிற்சி அளித்துவருபவர், நீதிமன்றங்களில் வல்லுநர் சாட்சியாக நிற்பவர். அவரை ஏற்போரும் மறுப்போரும் பெரும்பாலும் முதல் வாதத்தைப் பற்றியே சண்டையிட்டுக்கொள்கிறார்கள். அவரோ இரண்டாவதற்கே அதிக அழுத்தம் கொடுத்துவந்திருக்கிறார்.

முதல் வாதம் இப்படிப் போகும்: அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜூரியைப் பார்த்து, "கடையில் கிடைக்கும் தோட்டா கொல்வதற்குப் போதாது என்று எண்ணி, இந்த மனிதர் இரவெல்லாம் கராஜில் உட்கார்ந்து தமக்கென்று கொலைத் தோட்டா தயாரித்திருக்கிறார்" என்று சொல்வார், துப்பாக்கி பற்றி எதுவும் அறியாத பன்னிரண்டு பேர் அதை நம்பிவிடுவார்கள். இது நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டாவின் வகை ஜூரியின் மனத்தில் வேலை செய்யும் என்பதற்கு 2004ஆம் ஆண்டு அரிசோனாவில் நடந்த நிகழ்ச்சியே போதும். மலைப்பாதையில் தனியாக நடந்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம்மை நோக்கி ஓடிவந்த நாய்களை விரட்ட எச்சரிக்கையாக ஒருமுறை சுட்டார். அதைக் கண்டு ஆத்திரத்தோடு பாய்ந்து வந்த நாய்களின் பொறுப்பாளரை, தம் உயிருக்கு அஞ்சி, 10 மி.மீ. கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அவர் போட்டிருந்தவை கடையில் வாங்கிய ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள்தாம். ஆனாலும் 2006இல் ஜூரி அவரை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்றது. பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் துப்பாக்கியின் வலிமையும், விரிந்து காயப்படுத்தும் குண்டும் தங்களை உறுத்தின என்று ஜூரிகள் பின்னர் தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே பேசினார்கள். 2009இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு காரணங்களுக்காக அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது.

இந்த வழக்கைக் கைத் தோட்டாவுக்கு எதிரான சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள்; அது பொருந்தாது. கடைத் தோட்டாவே இந்த அளவுக்கு உறுத்தியிருக்கிறது என்பதுதான் அதிலிருந்து பெறப்படுவது. பெயர்கூட உறுத்தும். வின்செஸ்டர் நிறுவனம் 1991இல் "பிளாக் டேலன்", அதாவது கறுப்பு வல்லுகிர் என்ற பெயரில் கொண்டுவந்த தோட்டா, 1993இல் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகம் ஒன்றில் நடந்த படுகொலைக்குப் பிறகு எழுந்த எதிர்ப்பால் பொதுச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதேபோன்று விரியும் மற்றக் குண்டுகள் வேறு பெயர்களில் தொடர்ந்து விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தன.

மறுபக்கம், இத்தகைய சித்திரிப்புகளைத் தடுக்கும் கருவியும் நீதிமன்றத்தில் உண்டு. உண்மையை நிறுவுவதைவிட மனத்தைத் திரிப்பதற்கே அதிகம் பயன்படும் சான்றை நீதிபதி விலக்கிவிடலாம் என்கிறது கூட்டரசுச் சான்று விதிகளின் 403ஆம் விதி. மாநிலங்களிலும் இதற்கு இணையான விதிகள் இருக்கின்றன. 2016இல் அரிசோனாவின் மேசா நகரில், விடுதியொன்றில் ஆயுதமற்ற ஒருவரைச் சுட்டுக்கொன்ற காவலரின் ரைஃபிளில் ஒரு கொச்சைச் சொற்றொடர் பொறிக்கப்பட்டிருந்தது. அதை ஜூரி அறியக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். 2017இல் அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பு சரியா என்பது வேறு விவாதம். ஆனால் சான்றை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது ஒரு நீதிபதியின் விருப்புரிமையைச் சார்ந்தது என்பதையும், அதை நம்பி ஒருவர் தம் வாழ்நாளைப் பணயம் வைக்கலாகாது என்பதையும் அது காட்டுகிறது.

சுருங்கச் சொன்னால், முதல் வாதம் உண்மையான சங்கடம்தான். ஆனால் நல்ல வழக்கறிஞர் ஒருவர் அதைச் சமாளித்துவிடுவார். "இவர் தோட்டா அடைப்பது செலவைக் குறைப்பதற்காகவும் குறி தப்பாமல் இருப்பதற்காகவும், நாட்டில் எத்தனையோ பேர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்று அவர் விளக்கும்போது, ஜூரிகளில் வேட்டைக்காரர் ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். டெக்சாஸில் அப்படி ஒருவர் இல்லாமல் ஒரு ஜூரி அமைவதே அரிது என்றுகூட வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது வாதத்தை விளங்கிக்கொள்ள, துப்பாக்கி சுடும்போது என்ன வெளியே வருகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். குண்டோடு சேர்ந்து புகை, எரிந்தும் எரியாமலும் உள்ள மருந்துத் துகள்கள், ஈயம், பிரைமரிலிருந்து வரும் பேரியம், ஆன்டிமனி ஆகியவையும் குழல் வாயிலிருந்து பீறிட்டு வருகின்றன. மிக அருகிலிருந்து சுட்டால் புகைக்கரி படியும். சற்றுத் தள்ளிச் சுட்டால் கரி மறைந்து, மருந்துத் துகள்கள் தோலில் புள்ளி புள்ளியாகப் பதியும். இன்னும் தள்ளினால் அதுவும் இராது. இந்தப் படிவின் அகலத்தையும் அடர்த்தியையும் கொண்டு, சுட்டபோது குழல் வாய் எத்தனை அங்குலத்தில் இருந்தது என்பதைத் தடயவியல் ஆய்வகம் கணிக்கிறது. உடையில் படிந்த நைட்ரைட்டைக் கிரீஸ் (Griess) என்ற வேதிச் சோதனையாலும், ஈயத்தைச் சோடியம் ரோடிசோனேட்டாலும் நிறமாக்கிப் பார்க்கிறார்கள். பிறகு அதே துப்பாக்கியை எடுத்து, அதே வகைத் தோட்டாவை, வெள்ளைத் துணியில் வெவ்வேறு தொலைவுகளிலிருந்து சுட்டு ஒப்பிடுகிறார்கள். "அதே வகைத் தோட்டா" என்ற அந்த மூன்று சொற்களில்தான் நம் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. மருந்தின் அளவு, அதன் வகை, துகளின் வடிவம் ஆகியவற்றில் எது மாறினாலும் படிவு மாறும். உருண்டைத் துகள் மருந்து, தகட்டுத் துகள் மருந்தைவிடத் தொலைவு போகும்.

தொலைவு எப்போது உயிர்நாடியாகிறது? தாக்கியவர் உங்கள் மேல் விழுந்து துப்பாக்கியைப் பறிக்க முயன்றார் என்று நீங்கள் சொல்லும்போது. அரசுத் தரப்போ அவர் பத்தடி தள்ளிக் கையை உயர்த்தியபடி நின்றார் என்று சொல்லும்போது. 2012இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் ட்ரேவான் மார்ட்டின் என்ற சிறுவனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தற்காப்பு என்று வாதிட்ட, உலகமெங்கும் பேசப்பட்ட ஜார்ஜ் சிம்மர்மனின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய செய்கையைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. அதை இங்கே கொண்டுவர விரும்பவில்லை. ஆனால் அந்த விசாரணையில் வின்சென்ட் டி மையோ என்ற புகழ்பெற்ற தடய நோய்க்குறியியலாளர் சாட்சி சொன்னது கவனிக்கத்தக்கது. குழல் வாய் இறந்த சிறுவனின் மேலாடையைத் தொட்டிருந்தது, ஆனால் அந்த ஆடை உடலிலிருந்து சில அங்குலம் விலகித் தொங்கியிருந்தது, ஆகவே அவன் சிம்மர்மனுக்கு மேலே குனிந்திருந்த நிலைக்கு இது பொருந்துகிறது என்றார் அவர். துணியிலும் தோலிலும் இருந்த படிவுகளே அந்தக் கருத்துக்கு அடிப்படை. 2013இல் ஜூரி சிம்மர்மனை விடுவித்தது. அந்தத் துப்பாக்கியில் இருந்தது சாதாரணமாக ஆலையில் தயாரான 9 மி.மீ. தோட்டா, அது எப்படிப்பட்டது என்பதில் இரு தரப்புக்கும் எந்தச் சண்டையும் எழவில்லை.

இதற்கு நேர்மாறான நிலைமை 1989இல் நியூ ஜெர்சியில் நேர்ந்தது. அது தற்காப்பு வழக்கே அன்று. இதை மறைத்துவிட்டுத்தான் பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள், அது நேர்மையன்று. ஒரு பெண் தன் வீட்டில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தாள். அவள் தற்கொலைக்கு முயன்றதாகவும், தான் தடுக்கப்போனபோது ரிவால்வர் வெடித்துவிட்டதாகவும் கணவன் சொன்னான். அந்த ரிவால்வரில் இருந்தவை அவனே அடைத்த தோட்டாக்கள். அவளுக்கு உதைப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று மிகக் குறைந்த மருந்து இட்டு அடைத்தவை. அவற்றின் உறைகளோ ரெமிங்டன் நிறுவனத்தின் முத்திரை உள்ளவை. ஆய்வகம் அந்த முத்திரையை நம்பி, அதே நிறுவனத்தின் முழுவலிமைக் கடைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தபோது, நான்கடிக்கு மேற்பட்ட தொலைவிலும் படிவு தென்பட்டது. இறந்தவளிடமோ படிவே இல்லை. அப்படியானால் துப்பாக்கி அவள் கைக்கு எட்டாத தொலைவில் இருந்திருக்க வேண்டும், அவள் தானே சுட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது அரசுத் தரப்பின் முடிவு. மெல்லிய கைத் தோட்டாவாக இருந்தால் மிக அருகிலிருந்து சுட்டாலும் படிவு அற்பமாகத்தான் இருக்கும் என்பது எதிர்த் தரப்பின் வாதம். ஆனால் துப்பாக்கியில் இருந்தது அந்த மெல்லிய தோட்டாதான் என்பதற்கு, குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லையும் அவன் வீட்டுக் குறிப்புகளையும் தவிர வேறு சான்று இல்லை. பல ஆண்டுகள் இழுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஜூரி முன் நடந்த அந்த வழக்கு, கொலை என்பதிலிருந்து இறங்கிக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்பதில் வந்து முடிந்தது. அவன் உண்மையிலேயே நிரபராதியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே பௌதிகச் சான்று பேச முடியாமல் போனது என்பதுதான் நான் கவனிப்பது.

"நான் அடைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் குறிப்பேடு வைத்திருக்கிறேன், மருந்தின் எடை, குண்டின் எடை, நாள் எல்லாம் எழுதியிருக்கிறேன், அதைக் காட்டிவிடலாமே" என்று கேட்பீர்கள். ரீலோடிங் செய்யும் ஒவ்வொருவரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு கூற்றை, அதில் சொல்லப்பட்டது உண்மை என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சான்று; பொதுவாக அதை ஏற்க மாட்டார்கள். தொழில் நடவடிக்கையின் வழக்கமான பதிவுகளுக்கு அதே சான்று விதிகளில் 803(6) என்ற விதிவிலக்கு உண்டு. தோட்டா ஆலையின் தரப் பதிவுகள் அந்த வழியாக இயல்பாக உள்ளே வரும். உங்கள் கராஜ் குறிப்பேட்டை அந்த வரிசையில் நிறுத்துவது கடினம். அப்படியே ஒரு நீதிபதி அனுமதித்தாலும், "இந்த ஏட்டை எழுதியவர் யார்? இதன்படிதான் அடைத்தார் என்பதற்குச் சாட்சி யார்? அன்றிரவு துப்பாக்கியில் இருந்தது இந்தத் தொகுதிதான் என்று யார் பார்த்தது?" என்று எதிர்த்தரப்பு கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றே: நீங்கள்தான்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு விளைவைப் பலர் யோசிப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறாமலே இருக்கலாம் என்ற உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் தருகிறது. தற்காப்பு வழக்குகளில் பெரும்பாலும் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கும் என்றாலும், ஏறுவதா இல்லையா என்பதை வழக்கின் போக்கைப் பார்த்து வழக்கறிஞரின் ஆலோசனையோடு முடிவுசெய்யும் சுதந்தரம் உங்களுக்கு இருக்க வேண்டும். தோட்டாவில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆளே இல்லை என்றால், அந்தச் சுதந்தரம் பறிபோய்விடுகிறது. கடைத் தோட்டாவாக இருந்தால், அந்தச் சாட்சியத்தை ஆலையின் பொறியாளரோ ஆய்வகத்தின் வல்லுநரோ சொல்லிவிடுவார்.

சரி, குறிப்பேட்டை விட்டுவிட்டு, நம் தரப்பு வல்லுநரைக் கொண்டே கைத் தோட்டாவைச் சோதித்துக் காட்டலாமே என்றால், அங்கேயும் வாசலில் காவல் உண்டு. வல்லுநரின் கருத்து நம்பத்தக்க முறையைப் பின்பற்றியதா, வழக்கின் உண்மைகளோடு பொருந்துகிறதா என்று நீதிபதி வடிகட்ட வேண்டும் என்பதை 1993ஆம் ஆண்டு டௌபர்ட் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. டெக்சாஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஓராண்டு முன்பே கெல்லி வழக்கில் ஏறக்குறைய இதே வழியைச் சொல்லிவிட்டது. நீங்கள் பிறகு அடைத்துக் கொடுத்த மாதிரித் தோட்டாவைச் சுட்டுப் பார்த்த சோதனை, அன்று வெடித்த தோட்டாவோடு பொருந்துகிறது என்பதை நிறுவாதவரை அது தடுமாறும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது சரியன்று. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் துப்பாக்கியிலும், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினிலும் சுடாத தோட்டாக்கள் மிஞ்சியிருக்கும். காவல் துறை அவற்றைக் கைப்பற்றும். அவற்றையே பிரித்து எடைபோட்டுச் சோதிக்கலாமே என்பது அந்த மறுப்பு. ஒரு கட்டுக்குள் இது சரியே. ஆனால் தொலைவுச் சோதனைக்கு ஒரு தோட்டா போதாது. ஒவ்வொரு தொலைவுக்கும் சில வேண்டும். ஐந்து குண்டு ரிவால்வரில் மூன்று சுடப்பட்டிருந்தால் மிஞ்சுவது இரண்டு. அவை சான்றுப்பொருள்கள், அவற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டால் திரும்ப வராது, எனவே நீதிமன்ற ஆணை வேண்டும், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். அது போக, "மிஞ்சியிருப்பது இது, சுடப்பட்டது வேறாக இருந்திருக்கலாம், கையால் அடைப்பவர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக அடைத்திருக்கலாம்" என்ற ஐயத்தை எழுப்புவதற்கு அரசுத் தரப்புக்குச் செலவே இல்லை.

மற்றொரு மறுப்பு, தொலைவு பற்றிய சண்டை எழும் தற்காப்பு வழக்குகளே குறைவு என்பது. இதையும் ஒப்புக்கொள்கிறேன். கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவரைக் கூடத்தின் மறுமுனையிலிருந்து சுட்டால், படிவே இராது. எந்தத் தோட்டா என்பதும் பொருட்டாகாது. டெக்சாஸில் இன்னும் ஒரு வசதி: தற்காப்புக்கான சான்று ஓரளவு முன்வைக்கப்பட்டுவிட்டால், அது தற்காப்பு அன்று என்பதை நியாயமான ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சேரும். இந்த விதி எப்போதும் எங்கும் இப்படி இருந்ததில்லை. ஒஹையோவில் அந்தப் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரின் தலையிலேயே இருந்தது. அது செல்லும் என்று 1987இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2019இல்தான் அந்த மாநிலம் சட்டத்தை மாற்றியது. முன்பு சொன்ன அரிசோனா ஆசிரியர் சுட்டதும் அங்கே பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர்மேல் இருந்த காலத்தில்தான். சட்டம் 2006இல் மாறியது. ஆக, மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம் சாதகமாக இருக்கும் இடத்தில் கைத் தோட்டாவின் ஆபத்து குறைகிறது, இல்லாமல் போவதில்லை. ஐயத்தின் பலன் உங்களுக்கு வரும் என்பது, ஐயத்தை எழுப்பும் சான்று உங்களிடம் இருந்தால்தானே.

உரிமையியல் வழக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே நியாயமான ஐயத்துக்கு இடமில்லை. எது அதிக நிகழ்தகவுள்ளது என்பதே அளவுகோல். 1984இல் நியூயார்க் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்களைச் சுட்ட பெர்னார்ட் கெட்ஸ், 1987இல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். 1996இல் உரிமையியல் ஜூரி, முடமான இளைஞர் ஒருவருக்கு அவர் 4.3 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. டெக்சாஸில் நியாயப்படுத்தப்பட்ட பலப்பிரயோகத்துக்கு உரிமையியல் பாதுகாப்பைச் சட்டமே தருகிறது. ஆனால் நியாயப்படுத்தப்பட்டதா என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக வேண்டுமென்றே செய்த செயல்களுக்குப் பணம் தருவதில்லை என்பதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சில வேளைகளில் அதைக் கவனக்குறைவாகச் சித்திரிக்கவே விரும்புவார். தர ஆய்வு இல்லாத வீட்டுத் தோட்டா, கூடுதல் மருந்து, கணிக்க முடியாத துளைப்பு என்று பேசுவதற்கு அங்கே அவருக்கு ஒரு வாசல் திறந்துகிடக்கும். வேடிக்கை என்னவென்றால், குற்றவியல் மன்றத்தில் உங்களை மிதமிஞ்சித் திட்டமிட்டவர் என்றும் உரிமையியல் மன்றத்தில் மிதமிஞ்சிக் கவனமற்றவர் என்றும் ஒரே தோட்டாவைக் காட்டிச் சொல்ல முடியும்.

இவ்வளவுக்கும் மாற்று மிக மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் என் முடிவுக்குக் காரணம். 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு கொள்ளையரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்த பிறகு, அந்த நிறுவனம் தோட்டாக்களை ஜெலட்டினில் சுட்டுச் சோதிக்கும் முறையை உருவாக்கியது. 12 முதல் 18 அங்குலம் வரை துளைக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். இன்று ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் போன்ற தோட்டாக்கள் அந்தச் சோதனையில் தேறிக் காவல் துறைகளால் வாங்கப்படுகின்றன. அவற்றையே நீங்களும் கடையில் வாங்கலாம். "இந்தத் தோட்டாவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு, "காவல் துறையினர் பொதுமக்கள் நடுவில் பயன்படுத்தத் தக்கது என்று தேர்ந்தெடுத்ததைத்தான் நானும் தேர்ந்தெடுத்தேன்" என்பதைவிடச் சுருக்கமான விடை எதுவும் இல்லை. உங்கள் ஊர்க் காவல் துறை எதை வைத்திருக்கிறது என்று விசாரித்து அதையே வாங்குவது இன்னும் நல்லது.

வாங்கும்போது ஒரே தொகுதி எண் உள்ள இரண்டு பெட்டிகளாக வாங்குங்கள். ஒன்றை முதலில் சுட்டுப் பார்த்து, உங்கள் துப்பாக்கியில் தடையின்றி ஓடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். மற்றதிலிருந்து துப்பாக்கியை நிரப்பிக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டியோடு அப்படியே வைத்திருங்கள். பெட்டியின் மேல் உள்ள தொகுதி எண்ணைப் படமெடுத்து வைப்பதும், வாங்கிய ரசீதைப் பாதுகாப்பதும் ஐந்து நிமிட வேலை. பழைய தொகுதித் தோட்டாவும் புதியதும் ஒரே மேகசினில் கலக்க வேண்டாம். பயிற்சிக்கு, அதே எடைக் குண்டையும் ஏறக்குறைய அதே வேகத்தையும் கொண்ட தோட்டாவை நீங்களே அடைத்துச் சுடுங்கள். ரீலோடிங்கின் முழுப் பயனும் அங்கேதான்.

சில விதிவிலக்குகளும் உண்டு. அலாஸ்காவில் கரடிக்காகக் கனமான ஈயக் குண்டு அடைத்து வைப்பவரை நான் தடுக்க மாட்டேன். அங்கே சுட்ட பிறகு கரடியின் தோலையும் மண்டையோட்டையும் மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் அவர் அறிய வேண்டிய சட்டம். கடையில் தற்காப்புத் தோட்டா கிடைக்காத பழைய அளவுத் துப்பாக்கி மட்டுமே ஒருவரிடம் இருந்தாலோ, 2020இலும் 2021இலும் கண்டதுபோல் அலமாரிகளெல்லாம் காலியாகிவிட்டாலோ, கைத் தோட்டா இருக்கும்போது வெறுந் துப்பாக்கியோடு இருப்பது மடமை; முதலில் உயிர் பிழைக்க வேண்டும், வழக்கு அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினரிடம் இந்தக் கலையைப் பெருமையாகப் பேசி ஆசையூட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதே கடும் குற்றம்.

கடைசியாக நீங்கள் கேட்டது, இப்போது பெட்டகத்துத் துப்பாக்கியில் ஏற்கெனவே இருக்கும் கைத் தோட்டாக்களை என்ன செய்வது என்பது. அடுத்த முறை சுடுதளத்துக்குப் போகும்போது அவற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, திரும்பும் வழியில் கடைக்குப் போய் வாருங்கள்.